சிரட்டைக்கரி பார்பிக்யூ: அடுப்புத் தூர் ஓட்டை விழுது, மூடிக்குள்ள கறுப்புச் செதில் உதிருது. வழி என்ன?

#1 வள்ளவிளை_அலை

வணக்கம். ஊர் கொல்லங்கோடு பக்கம், கடலுக்கு 300 மீட்டர் தள்ளி. அடுப்பு 47 செ.மீ. உருண்டை வகை, மூடி உண்டு, எனாமல் பூசினது. எரிக்கிறது சிரட்டைக்கரி (தேங்காய் ஓட்டுக் கரி) மட்டும்தான். இப்போ நாலு பிரச்சினை.

தூர்ல, காற்றுத் துவாரத்தைச் சுத்தி, பொட்டுப் பொட்டா ஓட்டை விழுந்துருக்கு. மூடியோட உள்பக்கம் பெயிண்ட் உரியிற மாதிரி கறுப்புச் செதில் மீன் மேல விழுது. கீழ் வென்ட் (காற்றுத் துவாரத்தைத் திறந்து அடைக்கிற தகடு) திருகினா நகரல. அயிலை, சாளை எதைப் போட்டாலும் தோல் கம்பியோட போயிடுது.

இதைச் சரி பண்ணலாமா? இல்ல, தூக்கிப் போட்டுட்டு 200 லிட்டர் டிரம்மைப் பாதியா வெட்டி அடுப்பாக்குறது மேலா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 குலசேகரம்_தோட்டம்

அண்ணே, தூரைத் தின்னது சாம்பல்தான். கடல் காத்தும் மழையும் அதுக்குத் துணை போயிருக்கு.

சிரட்டைச் சாம்பல்ல பொட்டாசியம் உப்புகள் நிறைய. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்துல கல்லுப்பு ஜாடி நீர் விட்டு நிக்குமே, அதே கதை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் உண்டு. அதனால அடுப்புக்குள்ள விட்ட சாம்பல் ஒரே வாரத்துல சேறாயிடும். எனாமல் முழுசா இருக்கிற இடத்துல அந்தச் சேறு பெருசா ஒண்ணும் செய்யாது. துவாரத்தோட விளிம்பு, போல்ட் ஓட்டை, இரும்புக் கரண்டி பட்டுச் சில்லு தெறிச்ச இடம், இங்கெல்லாம் இரும்பு வெளியே தெரியும். துரு அங்கதான் ஆரம்பிச்சு எனாமலுக்கு அடியில ஓடும். மேலே பார்த்தா புள்ளி மாதிரி இருக்கும், விரலால அழுத்தினா பொக்குனு உள்ளே போகும். கீழே அலுமினியச் சாம்பல் தட்டு இருந்தா அதை ஈரச் சாம்பலோட காரம் நேராவே அரிக்கும்.

செய்ய வேண்டியது: சமைச்சு முடிஞ்சதும் மூடியைப் போட்டு மேல், கீழ் ரெண்டு வென்ட்டையும் அடைச்சிருங்க. முழுசா ஒரு நாள் அப்படியே நிக்கட்டும். மறுநாள் சாம்பலை உலர்ந்த நிலையிலேயே சின்னத் துடைப்பத்தால கூட்டி எடுத்து, மூடி உள்ள தகர வாளியில போடணும். சாம்பல் இருக்கும்போது தண்ணி ஊத்திக் கழுவாதீங்க. அது ஒவ்வொரு இடுக்குக்குள்ளயும் காரத்தைத் தள்ளி விடுற வேலை. சாம்பல் எல்லாம் போனபிறகு சோப்பு நனைச்ச துணியால துடைச்சு, ஈரம் போக வெயில்ல காய வைங்க.

இப்போ இருக்கிற ஓட்டைக்கு வருவோம். ஓட்டை இருந்தா வென்ட்டை அடைச்சும் காத்து நிக்காது, கங்கு அணையாது, சூடும் நம்ம கையில நிக்காது. புள்ளி ஓட்டைகள்னா 1.2 மி.மீ. 304 எவர்சில்வர் தகடை வளைச்சு உள்ளே வச்சு, எவர்சில்வர் போல்ட், நட்டு போட்டு முடுக்கலாம். எம்-சீல் மாதிரி எபாக்சி ஒட்டு வேண்டாம், சூட்டுல கருகிப் புகையும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசின) தகடும் ஆகாது, காரணம் டிரம் பத்திப் பேசும்போது சொல்றேன். உள்ளங்கை அகலத்துக்கு அரிச்சிருந்தா ஒட்டுப் போடுறதுல பலன் இல்ல, கீழ்ச்சட்டியையே மாத்தணும்.

#3 செங்கோட்டை_சாரல்

மூடி விஷயம் நான் சொல்றேன். உருண்டை எனாமல் அடுப்புல மூடிக்கு உள்ளே பெயிண்ட்டே கிடையாது. உதிர்றது எண்ணெய்ப்புகை படிஞ்சு படிஞ்சு கரியான பொருக்கு. பளபளன்னு, ஓரம் சுருண்டு நிக்கும், அதான் பெயிண்ட் மாதிரி தோணுது. அடுப்பு இளஞ்சூடா இருக்கும்போது அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டித் தேய்ச்சா கொத்தாக் கழண்டு வரும். அப்புறம் சோப்புத் தண்ணி நனைச்ச துணி. நாலு தடவை சமைச்சா ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

கம்பித்தட்டைத் தேய்க்கக் கம்பி பிரஷ் வச்சிருந்தா இன்னிக்கே தூரப் போடுங்க. தேய்மானம் ஆன பிரஷ்லேருந்து முடி மாதிரி கம்பி ஒண்ணு கழண்டு தட்டுல ஒட்டிக்கும். கறுப்புத் தட்டுல கண்ணுக்குத் தெரியாது. மீனோட சேர்ந்து தொண்டையிலயோ குடல்லயோ குத்தி ஆபரேஷன் வரைக்கும் போயிருக்குன்னு மருத்துவ இதழ்கள்ல பதிவுகள் உண்டு.

நம்ம ஊர்ல அதைவிட நல்ல பொருள் சும்மா கிடக்கு. கதம்பை. காய்ஞ்ச தேங்காய்க் கதம்பையில உள்ளங்கை அளவு துண்டை எடுத்து, நார் நுனி வெளியே தெரியுற மாதிரி சுத்தியலால தட்டி விடுங்க. தண்ணியில நனைச்சு, நீளக் கிடுக்கியால பிடிச்சு, சூடான தட்டுல கம்பி போற திசையிலயே தேய்ங்க. ஈரம் ஆவியாகும்போது பிசுக்கு இளகி நாரோட வந்துரும். ரெண்டு தடவை பயன்படுத்தினதும் அந்தத் துண்டையே அடுப்புல போடலாம். கடைசியா ஈரத்துணியால தட்டை ஒரு இழுப்பு இழுத்து, துணியில ஏதாவது மாட்டியிருக்கான்னு பாருங்க.

#4 பாறசாலை_எல்லை

சாரல் அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கலாம். தேய்ச்ச பிறகு தட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவி வச்சா துரு வராது. எங்க பக்கம் இரும்புச் சட்டி எல்லாத்துக்கும் அதுதான்.

#5 குலசேகரம்_தோட்டம்

அண்ணாச்சி, தினமும் அடுப்புல ஏறுற சட்டிக்குத் தேங்காயெண்ணெய் சரி. மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கிற கம்பித்தட்டுக்கு அது ஆகாது.

இரும்பு மேல எண்ணெய் கெட்டிப்பட்டு வார்னிஷ் மாதிரி படலம் ஆகணும். அதுக்கு ஆக்சிஜனோட சேர்ந்து இறுகுற குணம் வேணும். அயோடின் எண் அந்தக் குணத்தைக் காட்டும். தேங்காயெண்ணெய்க்கு அது 6 முதல் 11 வரைதான். நல்லெண்ணெய்க்கு 104லேருந்து 120, சூரியகாந்திக்கு 118லேருந்து 141. அதனால தேங்காயெண்ணெய் இறுகாம, பிசுபிசுன்னு தூசியைப் பிடிச்சு, நாள் ஆனா காறல் வாடை அடிக்கும்.

துருவேறின வார்ப்பிரும்புத் தட்டைப் பழைய நிலைக்குக் கொண்டு வர: 80ஆம் நம்பர் உப்புத்தாளால சாம்பல் நிறம் தெரியுற வரை தேய்ங்க, கழுவுங்க, உடனே அடுப்பு மேல வச்சு ஈரத்தைப் போக்குங்க. கை பொறுக்கிற சூட்டுல நல்லெண்ணெயோ சூரியகாந்தியோ தடவி, பிறகு சுத்தமான துணியால எண்ணெயே இல்லாத மாதிரி துடைச்சு எடுங்க. பலரும் தப்பு பண்றது இந்த இடத்துலதான். கனமாத் தடவினா திட்டுத்திட்டா ஒட்டும், அடுத்த தடவை உரியும். துடைச்ச தட்டை மூடி போட்ட அடுப்புல சுமார் 200 டிகிரி செல்சியஸ்ல 1 மணி நேரம் வைக்கணும். இதையே மூணு தடவை செய்தா கறுப்பு ஏறிரும். எவர்சில்வர் தட்டுக்கு இதெல்லாம் தேவையில்ல.

#6 புதுக்கங்கு

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். கரி பத்த அரை மணி நேரம் ஆகுது. மண்ணெண்ணெய் கொஞ்சம் தெளிச்சா சீக்கிரம் பிடிக்குமே, அதுல என்ன தப்பு?

#7 பொள்ளாச்சி_தொட்டி

தம்பி, தெளிக்க வேண்டாம். பாதி பத்தின கரி மேல எண்ணெய் பட்டதும் அது முதல்ல ஆவியாகும், அந்த ஆவி மொத்தமாப் பத்தும். ஊத்துற தாரை வழியாவே தீ கேனுக்கு ஏறி வரும். பெட்ரோல் இன்னும் மோசம். அதோட ஆவி காத்தைவிடக் கனம், தரையோட ஊர்ந்து போய் தூரத்து நெருப்புல பிடிச்சுத் திரும்பி வரும். சானிடைசரும் வேண்டாம், ஸ்பிரிட் எரியிற தீ பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. இதெல்லாம் போக, மண்ணெண்ணெய் வாடை மீன்ல ஏறினா இறங்காது.

சிம்னி ஸ்டார்ட்டர் ஒண்ணு போதும். பட்டறையில சொன்னாலே செய்து தருவாங்க. 16 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரத்துல 1.5 மி.மீ. இரும்புத் தகட்டுக் குழாய், கீழேருந்து 8 செ.மீ. உயரத்துல ஒரு கம்பிச்சல்லடை, அந்தச் சல்லடைக்குக் கீழே சுத்தியும் ஓட்டைகள், மரக் கைப்பிடி. கீழே ரெண்டு தாள் செய்தித்தாளைத் தளர்வாச் சுருட்டி வச்சு, மேலே கரி நிரப்பிப் பத்த வைக்கணும். 15லேருந்து 20 நிமிஷத்துல மேல் கரி நீறு பூக்கும். அப்போ கொட்டலாம். வள்ளவிளை அண்ணன் அடுப்பு அளவுக்கு 1 கிலோவுக்குச் சற்று மேலே போதும்.

சிரட்டைக்கரிக்குன்னே ஒரு சிக்கல் உண்டு. எங்க பக்கம் இதைத் தொட்டிக்கரின்னு சொல்வோம், பெயர் மாறினாலும் குணம் ஒண்ணுதான். துண்டுகள் வளைஞ்சு இருக்கிறதால கிண்ணத்துக்குள்ள கிண்ணம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு அடுக்கிக்கும். அப்போ நடுவுல காத்து போகாது, அரை மணி ஆனாலும் மேல் பக்கம் கறுப்பாவே நிக்கும். உங்க தாமதத்துக்குக் காரணம் அநேகமா இதுதான். தூளைச் சலிச்சு எடுத்துட்டு, 2லேருந்து 5 செ.மீ. துண்டுகளை மட்டும் கையால அள்ளிக் குலுக்காமப் போடுங்க. அழுத்தக் கூடாது. கரித்தட்டுக் கம்பி இடைவெளி அகலமா இருந்தா துண்டு கீழே விழுந்து வென்ட்டை அடைக்கும். அதுக்கு மேலே எவர்சில்வர் வலை ஒண்ணு விரிச்சிருங்க.

வாங்கும்போது ரெண்டு துண்டைத் தட்டிப் பாருங்க. கணீர்னு சத்தம் வரணும், உடைச்சா உள்ளே கறுப்பு மினுங்கணும். உடைப்பு பழுப்பா இருந்தா சரியா வேகாத கரி. புகையும், பொரியும், பொறி தெறிக்கும். உருண்டைக்கரிகள்ல தூளைப் பிடிச்சு வைக்க மரச்சீனி மாவு சேர்ப்பாங்க. அது நல்லது. ஆனா பத்தும்போது கொஞ்சம் புகையும், முழுசா நீறு பூக்கிற வரை பொறுக்கணும். உடைமரக் கரி நின்னு எரியும், கோழிக்கு ஏத்தது. மர ஆலைத் துண்டு, பழைய பிளைவுட் எதையும் சேர்க்காதீங்க. ரப்பர் மரத்துக்குப் பூச்சி விழாம இருக்க போரிக் மருந்து ஏத்தித்தான் பலகையாக்குவாங்க. அந்தப் புகை சாப்பாட்டுல படக்கூடாது.

#8 கம்பம்மெட்டு

இந்த இழையில இதுவரை யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்லியே ஆகணும். கார்பன் மோனாக்சைடு.

நீறு பூத்த கரி புகையாது. அதனால ஆபத்து போச்சுன்னு நினைச்சுக்கிட்டு, மூணாறு, வாகமண் மாதிரி குளிர் இடத்துல மிச்சக் கங்கை ராத்திரி அறைக்குள்ள கொண்டு வைக்கிற பழக்கம் உண்டு. சாவு அப்படித்தான் வருது. மணம் இல்ல, நிறம் இல்ல, கண் எரியாது. ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டுற இடத்துல அது 200 மடங்குக்கும் மேலே இறுக்கமா ஒட்டும். ஜன்னலைத் திறந்து வச்சாலும் போதாது. தலைவலி, தலைசுத்தல், குமட்டல்னு ஆரம்பிக்கும். சாப்பிட்டது ஒத்துக்கலன்னு நினைச்சுப் படுத்தவங்க எழுந்திருக்கிறது இல்ல.

மழை வந்துட்டா தார்ப்பாய் கட்டி போர்ட்டிகோவுக்குள்ள அடுப்பை நகர்த்துறதும் இதே ஆபத்துதான். கூடாரத்துக்குள்ள, கார் ஷெட்டுக்குள்ள கூடாது. சமைச்சு முடிச்ச அடுப்பைச் சூட்டோட கார் டிக்கியில ஏத்தக் கூடாது. கங்கு அணைய மணிக்கணக்கா ஆகும், அது வரைக்கும் வாயு வந்துகிட்டே இருக்கும். மழை வந்தா மூடியைப் போட்டு வென்ட்டை அடைச்சு அடுப்பை வெளியிலயே விட்டுட்டு, மீதியை வீட்டு கேஸ்ல முடிங்க.

யாருக்காவது மயக்கம் வந்தா உடனே வெளிக்காத்துக்குத் தூக்கிட்டு வந்து 108 கூப்பிடுங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீங்க. சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறின ரத்தத்தையும் இந்த வாயு ஏறின ரத்தத்தையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

#9 பாறசாலை_எல்லை

மெட்டு சார் சொன்னதை இழையோட முதல் பதிவுலயே ஒட்டி வைக்கச் சொல்லணும்.

எண்ணெய் விஷயத்துல தோட்டம் சொன்னதை ஒத்துக்கறேன். பிசுபிசுப்பு இங்கயும் உண்டு, காரணம் இப்போதான் புரியுது. டிரம் பத்திச் சொல்றேன்னீங்களே?

#10 குலசேகரம்_தோட்டம்

ஆமா. டிரம் அடுப்பு நல்லாத்தான் வேலை செய்யும். ஆனா டிரம் எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம வாங்கக் கூடாது. நம்ம பக்கம் ரப்பர் பால் ஏத்தின டிரம் மலிவாக் கிடைக்கும், உள்ளே பூச்சோட இருக்கும். ரசாயனம், பெயிண்ட் தின்னர் வந்த டிரம்மும் வேண்டாம். சமையல் எண்ணெய் வந்த, உள்பூச்சு இல்லாத டிரம்னா மட்டும் எடுங்க.

அதைவிடப் பெரிய ஆபத்து வெட்டுறதுல இருக்கு. காலி டிரம்ல மிச்சம் இருக்கிற ஒரு டம்ளர் எண்ணெயோ தின்னரோ ஆவியாகி உள்ளே நிறைஞ்சிருக்கும். கேஸ் கட்டர் வச்சாலும் கிரைண்டர் பொறி உள்ளே போனாலும் குண்டு மாதிரி வெடிக்கும். ரெண்டு மூடியையும் கழட்டி, சோடா உப்பும் வெந்நீரும் ஊத்திக் கழுவி, வெட்டுற கோடு வரைக்கும் தண்ணி நிரப்பி வச்சுத்தான் வேலையைத் தொடங்கணும். கேஸ் கட்டர் கூடாது. பழக்கம் உள்ள பட்டறைக்காரர்கிட்ட விடுங்க.

முதல் தீயில சாப்பாடு வேண்டாம். வெளிப் பெயிண்ட் முழுசா எரியிற வரை திறந்த வெளியில விறகு போட்டு எரிச்சு, ஆறினபிறகு சுரண்டி எடுங்க. வெளியில மட்டும் 600 டிகிரி தாங்கும் அலுமினியப் பெயிண்ட் அடிக்கலாம், உள்ளே எதுவும் வேண்டாம்.

மேல் தட்டுக்குக் கோழிக்கூடு வலையை வெட்டிப் போடுறது இங்கே வழக்கம். அது ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசினது. கங்குக்கு நேர் மேலே துத்தநாகம் வெள்ளைப் புகையாப் போகும். அதை மூச்சுல இழுத்தா ராத்திரியில குளிர்காய்ச்சல் மாதிரி வரும், வெல்டிங் வேலைக்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச காய்ச்சல். புளியும் எலுமிச்சையும் தடவின மீன் அந்தப் பூச்சைக் கரைக்கவும் செய்யும். 6 மி.மீ. எவர்சில்வர் கம்பியை 12 மி.மீ. இடைவெளியில வச்சு வெல்டிங் பண்ணச் சொல்லுங்க.

#11 செங்கோட்டை_சாரல்

மீன் ஒட்டுறதுக்கு வழி. கரியைச் சட்டி முழுக்கப் பரப்பாதீங்க. ஒரு பக்கம் மட்டும் குவிச்சு, மறுபக்கம் காலியா விட்டு, அங்கே சொட்டு பிடிக்கத் தகரத் தட்டு வைங்க. மூடி போட்டுத் தட்டை 10 நிமிஷம் காய விட்டு, கதம்பையால தேய்ச்சு, எண்ணெயை மீன் மேல தடவுங்க. மசாலா குழம்பா வழியக் கூடாது, விரலால வழிச்சு விடணும். கங்குப் பக்கம் வச்சதும் உடனே நகர்த்திப் பார்க்காதீங்க. 3லேருந்து 4 நிமிஷத்துல தோல் முறுகினா தானா விட்டுக் கொடுக்கும். இழுத்தாப் பிடிக்குதுன்னா இன்னும் நேரம் ஆகலன்னு அர்த்தம். சாளை மாதிரி மெலிசான மீனை வாழை இலையில பொதிஞ்சு வைக்கிறதே நல்லது.

தட்டுக்கு மேலே 10 செ.மீ. உயரத்துல உள்ளங்கையைக் காட்டுங்க. 2லேருந்து 4 நொடி மட்டும் தாங்குதுன்னா கடுஞ்சூடு, மீன் தோல் முறுகத் தோதானது. 5லேருந்து 7 நொடின்னா நடுத்தரம், கோழிக்கு. கோழித் துண்டோட தடிமனான இடத்துல, எலும்புல படாம வெப்பமானி குத்தினா 74 டிகிரி காட்டணும். வெளியே கருகி உள்ளே சிவப்பா இருக்கிறது கங்குக்கு நேர் மேலே வைக்கிறதால வர்றது. காலிப் பக்கம் நகர்த்தி மூடியைப் போடுங்க. எண்ணெய் சொட்டித் தீ எழும்பினாலும் அதே வேலைதான்: மீனை நகர்த்து, மூடியைப் போடு. தண்ணி தெளிச்சா எரியிற எண்ணெய் தெறிக்கும், சாம்பல் எழும்பும், சூடான எனாமலும் வெடிக்கும்.

வேகாத கறி வச்ச தட்டுல வெந்ததை வைக்காதீங்க. ஊற வச்ச மசாலாவை கடைசியில மேலே தடவாதீங்க. தடவணும்னா முதல்லயே தனியா எடுத்து வைங்க. சமைச்சது வெளியில 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினா 1 மணி நேரம்தான்.

#12 கம்பம்மெட்டு

இடம் பத்தியும் ஒரு வார்த்தை. வீட்டுச் சுவர், ஓலைக்கூரை, தொங்குற துணி எல்லாத்துக்கும் 3 மீட்டர் தள்ளி வைங்க. டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை கொட்டும் காலத்துல தோட்டத்துக்குள்ள அடுப்பே வேண்டாம், ஒரு பொறி போதும். ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடி சுத்துற காத்துல பொறி எங்கே போய் விழும்னு சொல்ல முடியாது. பக்கத்துல ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணியும் இருக்கட்டும்.

கடற்கரையில சமைக்கிறவங்க கங்கை மணல்ல புதைச்சுட்டுப் போறாங்க. மணல் சூட்டை மூடி வைக்கும், மணிக்கணக்கா உள்ளே கனல் இருக்கும். மேலே பார்த்தா வெறும் மணல்தான், வெறுங்காலோட ஓடி வர்ற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அங்கே கங்கைத் தகர வாளியில அள்ளி, தள்ளி நின்னு தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறி, சீறல் சத்தம் முழுசா நின்னபிறகு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. தீக்காயம் பட்டா ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம். பற்பசை, மை, எண்ணெய், ஐஸ் எதுவும் வைக்காதீங்க.

#13 வள்ளவிளை_அலை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிரம் வேண்டாம்னு முடிவு. எவர்சில்வர் தகடு ஒட்டுப் போட்டே இந்த அடுப்பை ஓட்டப் போறேன். ரெண்டு கேள்வி மிச்சம். நகராத வென்ட்டை எப்படி இளக்குறது? மழையில அடுப்பையும் கரியையும் எப்படி வைக்கிறது?

#14 குலசேகரம்_தோட்டம்

வென்ட்டுக்கு எண்ணெய் விடாதீங்க, சாம்பலோட சேர்ந்து பசையாகி இன்னும் இறுகும். நட்டைக் கழட்டி, தகடைப் பிரிச்சு, ரெண்டு முகத்தையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பென்சில் முனையைத் தூளாக்கித் தேய்ச்சு மாட்டுங்க. கிராஃபைட் சூட்டுல உருகாது. நட்டும் போல்ட்டும் எவர்சில்வர்ல மாத்திருங்க.

அடுப்பை ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. உறை போடுறதுக்கு முன்னாடி உள்ளே கை வச்சுப் பாருங்க, சில்லுனு இருக்கணும். தார்ப்பாயைத் தரை வரைக்கும் இறுக்கிக் கட்டினா உள்ளே வேர்த்து நிக்கும், அடியில ஒரு சாண் விட்டுக் கட்டுங்க. மழைக்காலத்துல வென்ட் ரெண்டும் திறந்தே இருக்கட்டும். கம்பித்தட்டை வீட்டுக்குள்ள எடுத்து வைங்க.

கரியை மூடி இறுகுற பிளாஸ்டிக் டிரம்ல, சிமென்ட் தரையில படாம பலகை மேல வைங்க. ஈரம் ஏறின கரி பத்தாது, பொரிஞ்சு தெறிக்கும். ரெண்டு வெயில் காய வச்சாச் சரியாயிடும். சூளையிலேருந்து அன்னிக்கே எடுத்த புதுக்கரியை மட்டும் உடனே டிரம்ல அடைக்காதீங்க, அதுக்குத் தானாவே சூடேறிப் பத்துற குணம் உண்டு. வெளியில பரப்பி ரெண்டு நாள் காத்தாட விடுங்க. போன தடவை அணைச்சு வச்ச மிச்சக் கரியைச் சல்லடையில சலிச்சு, மூணுல ஒரு பங்கு பழசு, ரெண்டு பங்கு புதுசுன்னு கலந்து, பழசை மேலே வர்ற மாதிரி சிம்னியில போடுங்க.